அரிசி விஷயத்துல எல்லாரும் ஒரே மாதிரி சொல்லல

அண்ணே, பெர்னாஸ் கம்பெனிகிட்ட இருந்து மலேசியாவோட அரிசி இறக்குமதி உரிமைய எடுத்தா அரிசி விலை இறங்கிரும், விவசாயப் பொருளாதார நிபுணருங்க எல்லாருமே இதான் சொல்றாங்கன்னு போட்டுருக்கீங்க, அது தப்புண்ணே. 1996லருந்து பெர்னாஸ் மட்டும்தான் இறக்குமதி பண்றாங்க, உண்மைதான், போட்டி வேணும்னு சிலர் சொல்றாங்க, ஆனா அவங்ககிட்ட இருந்து எடுத்துட்டா கையிருப்பு அரிசிய யாரு வெச்சிருப்பா, விக்காத நெல்ல யாரு வாங்குவான்னு கேக்கற நிபுணருங்களும் இருக்காங்க. 2023ல இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிய நிறுத்துனப்புறம் இங்க இறக்குமதி அரிசி டன்னு 2,350 ரிங்கிட்லருந்து 3,200க்குப் போச்சு, உள்ளூர் அரிசி மட்டும் அரசாங்க விலைக் கட்டுப்பாட்டால கிலோ 2.60 ரிங்கிட்லயே நின்னுச்சு, பட்டர்வொர்த்ல எங்கம்மா மூணு கடை ஏறி எறங்கியும் உள்ளூர் அரிசி ஒரு பை கெடைக்கல. அந்த விலைக் கட்டுப்பாட்ட எடுக்கணுமா வேணாமான்னே நிபுணருங்களுக்குள்ள ஒத்துப்போகல. செபராங் பிறைல நெல்லு போடறவங்க பொழப்பு இதுல மாட்டியிருக்கு, தயவுசெஞ்சு அந்த 'எல்லாரும்'ங்கறத எடுத்துருங்க.