'அம்-மா'வா, 'அ-ம்மா'வா? எல்லைப் பள்ளிகளில் அசை பிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்களுக்கு

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழும் மலையாளமும் சேர்த்துப் படிக்கிற சின்னப் பிள்ளையிடம் 'அம்மா'வைப் பிரிக்கச் சொன்னால் 'அ-ம்மா' என்று எழுதும். உடனே சிவப்பு மையில் ஒரு சுழி. அந்த மையைக் கொஞ்சம் மூடி வையுங்கள். பிள்ளை மலையாளத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது, அதுதான் விஷயம்.

மலையாளத்தில் 'ம்ம' ஒரே கூட்டெழுத்து. அதை நடுவில் வெட்ட முடியாது. அதனால் அ, ம்ம என்றுதான் கண்ணுக்குத் தெரியும். ஆந்திர எல்லையில் குப்பம் பக்கம் தெலுங்கு படிக்கிற பிள்ளைக்கும் இதே சிக்கல்தான். அங்கே இரண்டாவது மெய் 'ஒத்து' என்கிற சின்ன வடிவமாகக் கீழே தொங்கும். தமிழிலோ புள்ளி எழுத்து தனியாக நிற்கிறது, ஓசையில் முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப்பெயரையே பாருங்கள். கொழிஞ்சாம்பாறை தமிழில் 7 எழுத்து: கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. மலையாளப் பலகையில் அதே ஊர் 5 எழுத்து. வாயால் சொன்னால் இரண்டிலும் 5 அசைதான். வெட்டுகிற இடம் மாறும், எண்ணிக்கை மாறாது. எனவே என் கட்சி இது: எல்லையோரத்தில் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள், கோடு போடுவது பிறகு.

முதல் இரண்டு வாரம் புத்தகமே வேண்டாம். தினம் பத்து நிமிடம், எட்டுச் சொல், கைதட்டல் போதும். சொல்லில் எத்தனை உயிரொலியோ அத்தனை தட்டு. இங்கே வழக்கமாக நடக்கிற கோளாறு, 'அ-ம்-மா' என்று மூன்று தட்டு. காரணம் நாம்தான். "எத்தனை எழுத்து?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டு, திடீரென்று ஓசையை எண்ணச் சொன்னால் பிள்ளை எழுத்தைத்தான் எண்ணும். புறங்கையை மோவாயின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். 'ம்' சொல்லும்போது வாய் மூடியிருக்கும், மோவாய் இறங்காது. ஆனால் இந்த வித்தையை புலி, துணி, குருவி போன்ற சொற்களில் தொடங்காதீர்கள். இகரத்துக்கும் உகரத்துக்கும் மோவாய் அசைவதே தெரியாது. ஆ, ஐ வருகிற சொற்கள்தான் முதலில்: மாலை, யானை, பாட்டன், அப்பா.

பிறகு பென்சில். விதி ஒன்றுதான்: முதல் எழுத்தை விட்டுவிட்டு, புள்ளி இல்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு கோடு. பள்ளிக்கூடம் என்றால் ளி, கூ, ட மூன்றுக்கும் முன்னால் கோடு விழும்: பள்-ளிக்-கூ-டம். இரண்டு புள்ளி அடுத்தடுத்து வந்தாலும் விதி மாறாது. பார்த்-தான், வாழ்த்-து, சர்க்-க-ரை. ஆய்தமும் புள்ளி எழுத்துப் போலத்தான் இடப்பக்கம் சேரும்: எஃ-கு.

சொற்களை எடுக்கிற வரிசை முக்கியம். மலையாளம் படிக்கிற பிள்ளைக்கு இரட்டித்த மெய்யில் தொடங்கினால் முதல் நாளே குழப்பம். பால், மான், மகள், மலர், தூண் என்று தொடங்குங்கள். ஐந்துமே இரு மொழிக்கும் பொது. இவற்றின் கடைசி மெய்யை மலையாளத்தில் சில்லெழுத்தாக எழுதுவார்கள். சில்லு தனியாக நிற்கும், முந்தின எழுத்தோடு ஒலிக்கும், நம் புள்ளி எழுத்துப் போலவே. மரம், பழம் அடுத்து. மலையாளத்தில் இங்கே ஒரு சின்ன வட்டம், அதுவும் இடப்பக்கத்து எழுத்துக்குத்தான் சொந்தம். இது பிடிபட்ட பிறகு பந்-து, தங்-கம். அதற்கும் பின்னால்தான் அம்-மா, பட்-டம்.

இன்னொரு பிழை நம் பக்கம் அடிக்கடி வரும்: வீடு என்பதை 'வீட்' என்று எழுதுவது. மலையாளத்தில் கடைசிக் குற்றியலுகரத்துக்குச் சந்திரக்கலை என்கிற பிறைக்குறியை மேலே போடுவார்கள், அது பார்க்கப் புள்ளி மாதிரியே இருக்கும். 'வீட்' என்று எழுதின பிள்ளையைத் தட்டச் சொல்லுங்கள். இரண்டு தட்டு வரும், எழுதினதில் ஓர் அசைதான் இருக்கும். க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

கொ, கோ வரிசையில் பிள்ளை போடுகிற கோடு எழுத்தின் வயிற்றிலேயே விழும். கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். பிள்ளைக்கு அது இரண்டு எழுத்தாகத் தெரிவது இயல்பு. கௌதாரியை 'கெ-ள-தா-ரி' என்று படிப்பதும் இதனால்தான். கோடு போடுவதற்கு முன் இந்த எழுத்துகளைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னால் தீர்ந்தது.

பிரித்ததோடு பாடத்தை முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 'தம்-பி' என்று இடைவெளி விட்டுச் சொன்னால் 'பி' வல்லோசையாகத்தான் வாயில் வரும். 'தங்-கம்' அப்படியே. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் மெலிந்து ஒலிப்பது, இரண்டு துண்டும் சேரும்போதுதான். ஆகவே பிரித்து ஒரு தடவை, சேர்த்து இரண்டு தடவை, பிறகு சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்து ஒரு தடவை. ஒரு சொல் சரளமாக வந்துவிட்டால் அதற்கு மறுபடி கோடு வேண்டாம். கோடு இல்லாமல் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கோடு போடவைப்பது வேலைமெனக்கெட்ட வேலை.

பயிற்சிக்குப் பேருந்துப் பலகை நல்லது: பொள்-ளாச்-சி, வே-லந்-தா-வ-ளம், கோ-விந்-தா-பு-ரம், மீ-னாட்-சி-பு-ரம். ஸ்கூல், ப்ளேடு மாதிரிச் சொற்கள் மட்டும் விதிக்கு அடங்காது. புள்ளி எழுத்து முதலிலேயே நிற்கிறது, ஒட்டிக்கொள்ள இடப்பக்கம் யாரும் இல்லை, வலப்பக்கம் சேர்த்துவிடுங்கள். ஊரில் பாட்டிமார் 'இஸ்கூல்' என்கிறார்களே, அதில் இஸ்-கூல் என்று விதி தானாக உட்கார்ந்துவிடும்!

அண்ணன் அக்கா யாப்பு படிக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. செய்யுளில் 'மரம்' ஒரே நிரையசை, வாசிப்பில் ம-ரம் இரண்டு துண்டு. இரண்டும் சரி, கணக்குதான் வேறு. சின்னதுக்கு நேர், நிரை எல்லாம் இப்போது வேண்டாம். 'பிரித்து எழுதுக' கேள்வியோடும் இதைக் கலக்காதீர்கள். அங்கே 'மரத்தில்' என்றால் மரம், அத்து, இல் என்று போகும், இங்கே ம-ரத்-தில். வகுப்பில் 'துண்டு போடு' என்று வேறு பெயரில் சொல்லிவிட்டால் தேர்வுத்தாளில் இந்தக் குழப்பம் வராது.