சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனைக்கு விருந்தினராகப் போவோருக்கு

அண்ணாச்சி, "நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. கோயிலுக்குச் சும்மா பார்க்கப் போனாலும் காணிக்கை போட்டாகணும், திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) வாங்கியாகணும், பிரசங்கம் ஐயர் (போதகர்) வாய்க்கு வந்ததுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தவறு.

காணிக்கைப் பையை அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடலாம். திருவிருந்து, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்து முழு உறுப்பினராகும் சடங்கு) பெற்ற சபையாருக்கானது. விருந்தினர் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் இயல்பு, யாரும் அதை அவமரியாதையாக எடுப்பதில்லை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலுக்கு (1826இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் கட்டியது) இந்து நண்பர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன், ஒருவரும் நெருக்கியதில்லை.

பிரசங்கத்துக்கோ ஒவ்வொரு ஞாயிறுக்கும் தலைப்பும், பழைய ஏற்பாடு, நிருபம் (அப்போஸ்தலர் கடிதங்கள்), சுவிசேஷம் (இயேசுவின் வரலாறு) என பைபிளிலிருந்து வாசிக்கும் வேதபாடங்களும் முன்கூட்டியே அட்டவணையில் குறித்திருக்கும். நீளமாகப் பேசுகிறார்கள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்; முதன்முதலாக வர நினைப்பவர்கள் இதைப் படித்துத் தயங்குவார்கள்.