ஊசி மேல் விரலை வைக்காதீர்கள்!

ரெக்கோர்ட் பிளேயர் ஊசியை ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துக்கூடப் பார்க்காமல், "இது முடிந்துவிட்டது அண்ணை, புதிது போட வேண்டும்" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சொன்னதோடு நிற்கவில்லை அந்தத் திருத்துநர். பெருவிரலால் நுனியைச் சுரண்டிப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. நுனி வைரம், அது தாங்கும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தண்டு தாங்குமா? இசைத்தட்டின்மேல் ஊசி இறங்கும் பாரமே ஏறத்தாழ 2 கிராம்தான். ஒரு விரல் எவ்வளவு அழுத்தும் என்று யோசிக்க வேண்டாமா?

சோதிக்க அவர் எடுத்தது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு! அதற்குரிய ஊசி நுனியின் ஆரம் ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர். என்னுடையது எல்.பி. எனும் நீண்ட நேரம் ஓடும் தட்டுக்கான ஊசி, அதற்கு 0.018 அளவுதான். சின்ன ஊசி அந்த அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து உராய்ந்தால் இரைச்சல் வராமல் என்ன வரும்? அந்த இரைச்சலை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டார்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி படியாத மேசை யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? தூசியும் நூற்பஞ்சும் நுனியில் திரண்டால் ஊசி பள்ளத்தில் சரியாக இறங்காது. ஒலி மழுங்கும், ஸகரம் வரும் இடமெல்லாம் கரகரக்கும். பழுதான ஊசியும் இப்படித்தான் கரகரக்கும். அதனால்தான் முதலில் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒலியைக் குறைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி, தட்டு ஓடும் திசையில் மட்டும் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தண்டு வளையும். ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் வைரத்தைப் பிடித்திருக்கும் பசை இளகக்கூடும்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கல் பார்க்கும் வில்லை இருக்கிறதே! பத்து மடங்கு பெருக்கினாலே அழுக்குத் தெரியும், சாய்ந்த தண்டு தெரியும், நுனி இல்லாவிட்டால் அதுவும் தெரியும். வைரத்தின் தேய்மானத்தைக் காண நுண்நோக்கி வேண்டும் என்பது உண்மை. அது இல்லையென்றால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லுங்கள், மதிக்கிறேன்.

வீட்டில் துடைத்த பிறகு அதே ஊசி என் நாதஸ்வரத் தட்டை நடுவை ஒட்டிய உள்வட்டம் வரை தெளிவாகப் பாடியது. தேய்ந்த ஊசி முதலில் காட்டிக்கொடுப்பது அந்த உள்வட்டத்தில்தான்.

பழுதென்றால் வில்லையில் காட்டுங்கள், அங்கேயே காசு தருகிறேன். காட்ட முடியாதென்றால் ஊசியிலிருந்து கையை எடுங்கள்!