மீந்த சோற்றைச் சூடாக்கினால் போதுமா?

"ராத்திரி மீந்த சோறு வெளியிலேயே கிடக்கட்டும், காலையில் நன்றாகச் சூடாக்கித் தாளித்தால் கிருமியெல்லாம் செத்துவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கிருமி சாகும், சரி. சிக்கல் அதுவல்ல.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் இருக்கலாம். விதைபோல உறங்கும் இவை, சோறு வேகும் சூட்டையும் தாங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சை உண்டாக்கும். அது கொதிநிலையிலும் அழியாது. வாணலியில் எவ்வளவு வதக்கினாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். முகர்ந்து பார்த்தும் பயனில்லை, வாடையே இல்லாமல் இருக்கும்.

அதற்காக எலுமிச்சை சாதத்தையும் புளியோதரையையும் யாரும் கைவிட வேண்டாம். வடித்த 2 மணி நேரத்துக்குள், நம் ஊர் வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள், சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வைத்தால் மறுநாள் தாராளமாகத் தாளிக்கலாம்.

'அப்போ பழைய சோறு?' என்பீர்கள். அது தண்ணீரில் ஊறி லாக்டிக் அமிலத்தால் புளிக்கும் வேறு சங்கதி. சட்டியில் சும்மா கிடந்த சோற்றுக்கு அது சாட்சி சொல்லாது.