எங்கிருந்து நுழைந்தார்?

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், இரண்டாம் நாள் மதியமே பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார். ஹால் சுவரில் பாதிதான் முடிந்திருந்தது. "நாளைக்குக் காலையில முகாம்ல செக்கிங் அண்ணா. ஆள் இல்லாட்டிப் பேரை வெட்டிடுவாங்க" என்றார். விரல் இடுக்குகளில் வெள்ளை பெயின்ட் காய்ந்திருந்தது. தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கையெழுத்துப் போடும்போது ரிஜிஸ்டரில் ஒட்டிவிடக் கூடாதாம்.

அவர் இருப்பது இலங்கைத் தமிழர் அகதி முகாமில். அவருக்கு 35 வயது. 1990இல் இங்கே ஒரு அரசு மருத்துவமனையில் பிறந்தவர். இலங்கையில் நடந்த 83 ஜூலைக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் படகேறி ராமேசுவரம் பக்கம் இறங்கினார்கள். மண்டபத்தில் பதிவு, பிறகு முகாம். இலங்கையை அவர் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

அவருடைய அக்கா 1985இல் பிறந்தவர். இங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. நம் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். ஆக, அக்கா இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, தம்பி அந்நியர். ஒரே தாய், ஒரே முகாம், ஒரே பத்தடிக்குப் பத்தடி வீடு. அந்த அக்காவும் சும்மா இந்தியர் ஆகிவிடவில்லை. அகதிப் பதிவேட்டில்தான் இன்னமும் இருக்கிறார். முகாமில் இதேபோல் 87க்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துக்கொண்டு அக்கா காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி கட்டியிருப்பது உள்ளூர்ப் பெண்ணை. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் உள்ள இந்தியக் குடிமகள். சரி, குழந்தையாவது தப்பிக்கும் என்றுதான் நான் நினைத்தேன். 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், இன்னொருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. அந்த ஒரு சொல்லால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு, தாயின் நாடு தன் நாடாக ஆக மாட்டேன் என்கிறது.

அந்தச் சொல்லுக்குச் சட்டம் என்ன பொருள் சொல்கிறது என்று தேடிப் படித்தேன். செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த அந்நியர், அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர். 'நுழைந்த' என்றுதான் இருக்கிறது. இவர் எங்கே நுழைந்தார்? பிரசவ வார்டிலிருந்து வெளியே வந்தார், அவ்வளவுதான். அவருடைய பிறப்புச் சான்றிதழில் நம் மாநில முத்திரை இருக்கிறது. அவரைச் சட்டவிரோதமாக வந்தவர் என்று எந்த வரியை வைத்துச் சொல்கிறோம் என்பதை யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லைப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதில் தங்கம் வருகிறது, போதைப்பொருள் போகிறது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரை மறக்கச் சொல்லவும் எனக்கு வாய் வராது. கடலோரத்தில் ரோந்து வேண்டும், யார் வருகிறார் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இவர்களைப் பற்றி அரசுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? கைரேகை, போட்டோ, குடும்ப விவரம், எங்கே வேலைக்குப் போகிறார் என்பது வரை தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவிடம் இருக்கிறது. உதவித்தொகையை அரசே கொடுக்கிறது. 40 வருடமாகத் தலை எண்ணிக்கொண்டிருக்கும் ஆட்களைத் திருட்டுத்தனமாக வந்தவர்களோடு சேர்த்து ஒரே பெட்டியில் போடுவதால் எல்லைக்கு என்ன பாதுகாப்பு கூடிவிட்டது?

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் வந்தது. 1946ஆம் வருட வெளிநாட்டினர் சட்டம் போனது. கூடவே ஒரு விலக்கு உத்தரவும் வந்தது: 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது ஜெயிலுக்குப் போகாமல் இருக்கத்தான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி அதில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்தவர்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாம்களில் இருப்பவர்கள் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல். இதில் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பாட்டன் பூட்டன் நம் ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள்.

மாநில அரசு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, 7,469 வீடுகள் அறிவித்தது. முகாம்களில் புது வீடுகள் எழுந்ததையும் பார்த்தேன். ஆனால் குடியுரிமை டெல்லி கையில் இருக்கிறது. விலக்கு உத்தரவில் ஏற்கெனவே ஒரு தேதி எழுதியாகிவிட்டது. அதே தேதிக்குள் பதிவானவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்று குடியுரிமைச் சட்டத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்புறம் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கட்டும், குற்றப் பின்னணி உள்ளவரை நிராகரிக்கட்டும். திரும்பிப் போக நினைப்பவர்கள் போகட்டும். அந்த முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது இதைக் கேளுங்கள். "அகதிகளுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்திய மருத்துவமனையில் பிறந்தவர் எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தார் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். பதில் பதிவாகட்டும்.