33 நாள் கல் அரைத்தவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்

"முட்டை எங்கப்பா?"

33 நாள். கல்லை உருட்டி உருட்டி மெருகேற்றும் மெஷினின் ரப்பர் டப்பாவுக்கு ராப்பகலாகக் காவல் இருந்து, சேறு கழுவி, அறுந்த பெல்ட்டை மாற்றி, கீழ்வீட்டு சாரிடம் திட்டு வாங்கி, இன்று காலை தாம்பாளத்தில் பளபளவென்று இருபது கல்லைக் கொட்டி "பாரு கண்ணு" என்று நெஞ்சு விம்ம நிற்கிறேன். எட்டு வயது நீதிபதி அம்மாள் ஒற்றை விரலால் தாம்பாளத்தைக் கிளறிவிட்டுக் கேட்கிறாள், முட்டை எங்கே என்று.

முட்டை என்பது ஒரு கல். காடை முட்டை அளவில், வெள்ளையாக, ஒரு பக்கம் லேசாகச் சப்பி இருக்கும். மதுக்கரைப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது ரோட்டோரத்தில் பொறுக்கிப் பெயரும் வைத்தாள். டப்பாவுக்குள் போட்டது 21 கல். வெளியே வந்தது 20. எண்ணிப் பார்த்தேன். தாம்பாளத்தின் அடியில் பார்த்தேன். டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். எங்கே போயிருக்கும்? ஓடுகிற டப்பாவிலிருந்து இறங்கி டீ குடிக்கவா போயிருக்கும்?

பாப்பாவின் அப்பத்தா, அதாவது என் அம்மா, பூ கட்டிக்கொண்டே, "குழந்தை ஆசையா குடுத்த கல்லைத் தொலைச்சுப்போட்டியே" என்றார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்தச் சனியனை வாங்கியதே பிள்ளை செல்போனை விட்டு எழுந்திருக்கட்டும் என்றுதான். உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் ஏதோ ஒன்றை வாங்கித்தான் இருப்பீர்கள். மீன்தொட்டியோ, கீபோர்டோ, தொலைநோக்கியோ. எல்லாம் பரணில்தானே இருக்கிறது? நான் வாங்கியது கல் உருட்டும் மெஷின். அட்டைப்பெட்டியில் ஒரு பையன் கை நிறைய வண்ணக் கற்களோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். 'குடும்பத்தோடு மகிழுங்கள்' என்கிறது பெட்டி. அந்தப் போட்டோவை முதல் நாளே எடுத்திருப்பார்கள். பத்தாம் நாள் எடுத்திருந்தால் பையன் இருந்திருக்க மாட்டான், அவன் அப்பா மட்டும் கையில் பழைய டூத் பிரஷ்ஷோடு பாத்ரூம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டிலும் அதேதான். மூன்றாம் நாளே பாப்பாவுக்கு ஆர்வம் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, கல் மெருகேற்றும் வீடியோக்களை செல்போனில் இரண்டு மணி நேரம் பார்த்தாள். எதிலிருந்து காப்பாற்ற வாங்கினேனோ அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டு, "அவங்க மெஷின்ல சீக்கிரம் ஆகுதுப்பா" என்று எனக்கு அறிக்கை வேறு.

வீடியோவில் சீக்கிரம்தான் ஆகும். இங்கே ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம், நிறுத்தாமல். முதலில் 60/90 என்ற கரடான சிலிக்கான் கார்பைடு பொடி. பிறகு 120/220. பிறகு 500. எண் கூடக் கூடப் பொடி நைசாகும். கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போட்டு மெருகு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டப்பாவையும் கல்லையும் துளிப்பொடி இல்லாமல் கழுவ வேண்டும். பழைய பொடியில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு வந்தாலும் அத்தனை கல்லிலும் கீறல் விழுந்துவிடும். கல்லில் விரிசல் இருந்தால் பொடி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். இருபது கல்லையும் இடுக்கு இடுக்காகத் தேய்த்தவன் நான். என் பல்லைக்கூட அப்படித் தேய்த்ததில்லை.

கழுவிய சேற்றை சிங்க்கில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் குழாய்க்குள் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிளம்பர் வந்து பைப்பை அறுக்க வேண்டும். அதனால் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் ஊற்றித் தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, அடிச்சேற்றைக் காயவைத்துக் குப்பையில் போட வேண்டும். எங்கள் பால்கனியில் துளசிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வாளி. வாளியை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மழை நாளில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றிருக்கிறீர்களா? அது, 24 மணி நேரமும். ஹாலில் வைத்தேன், பாத்ரூமுக்குத் துரத்தினார்கள். போர்வை போட்டு மூடினேன், மோட்டார் சூடாகி வாடை வந்தது. நான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டு சார் வாக்கிங் உடையில் வந்து நிற்கிறார். "ஏனுங்க, நைட்டு ரெண்டு மணிக்கெல்லாம் மாவு ஆட்டறீங்களா?" கோயமுத்தூரில் இப்படித்தான் கேட்பார்கள். ஊர் முழுக்கக் கிரைண்டர் செய்கிற ஊர் இது. "இல்லைங்க சார், கல்லு" என்றேன். "கல்லுலதானுங்க ஆட்டுவோம்" என்றார். "இல்லைங்க சார், கல்லையே ஆட்டறோம்." அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் விளக்க முடியவில்லை.

அம்மாவின் வாதம் வேறு. "வெங்கச்சங்கல்லை நாங்க இருட்டுல உரசித் தீப்பொறி பாப்போம். அஞ்சு பைசா செலவில்லை." வெங்கச்சங்கல் என்றால் குவார்ட்ஸ், வெள்ளையான கெட்டிக் கல். என் மச்சான் ஒரு படி மேலே போய், "மாப்ள, கொடுமணல்ல 2000 வருசத்துக்கு முன்னாடியே கல்லுல மணி செஞ்சிருக்காங்க, அவங்க என்ன கரண்ட்லயா செஞ்சாங்க?" என்றான். சரிப்பா. நொய்யல் கரையில் உட்கார்ந்து அவர்கள் செய்தார்கள், உரசி, துளை போட்டு, ரோம் நாட்டுக்காரன் ஆசைப்படும்படி. குஜராத்தில் காம்பாத் என்ற ஊரில் மணிகளைத் தோல்பையில் போட்டு, கல்பொடியும் தண்ணீரும் சேர்த்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்களாம். அவர்களுக்குக் கூலி கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது கரண்ட் பில் பற்றிய விசாரணை. 25 வாட், மாதம் முழுக்க ஓடினால் 18 யூனிட் என்று கணக்குப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

முட்டைக்கு வருகிறேன். காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள். 21 கல்லையும் போடுகிறோம். பாப்பா முட்டைக்கு முத்தம் கொடுத்துக் கடைசியாகப் போடுகிறாள். முக்கால் டப்பா, தண்ணீர், பொடி, மூடி. வெள்ளைக் கல்தானே, வெங்கச்சங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள். திறக்கிறேன். சேறு இட்லி மாவு மாதிரி வெளுப்பாக, கெட்டியாக இருக்கிறது. அடடா, என்னமாய் அரைக்கிறது மெஷின் என்று பெருமைப்பட்டேன். போட்டோகூட எடுத்தேன். மற்ற கல்லில் முனை மழுங்கவில்லை என்று இன்னும் ஐந்து நாள் ஓடவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள். கழுவுகிறேன். புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு துண்டு. ஏதோ உடைந்த சில்லு, உள்ளே கிடந்தால் மற்ற கல்லைக் கீறிவிடும் என்று இரண்டு விரலால் எடுத்து வாளிக்குள் சுண்டிவிட்டேன். டொப் என்று ஒரு சத்தம்.

அதுதான் முட்டை.

மதுக்கரை. சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமென்ட் செய்கிற ஊர். அந்த ஊர் ரோட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கல் கிடந்தால் அது என்ன கல்லாக இருக்கும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். மோஸ் என்ற ஒரு புண்ணியவான் இருநூறு வருடத்துக்கு முன்பே கல்லுக்கெல்லாம் கடினத்தில் ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டு வைத்திருக்கிறார். வெங்கச்சங்கல்லுக்கு 7. சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற கால்சைட்டுக்கு 3. ஒரே மாதிரிக் கடினம் உள்ள கல்லைத்தான் சேர்த்துப் போட வேண்டும். ஒரு ஆணியால் கீறிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அரை மூடி எலுமிச்சை பிழிந்திருந்தால் நுரை கட்டிக் காட்டிக்கொடுத்திருக்கும். எலுமிச்சை வீட்டில் இருந்தது. இதெல்லாம் மெஷினோடு வந்த துண்டுத்தாளில் எங்காவது இருக்கிறதா? 'கற்களைப் போடவும்' என்று இருக்கிறது. எந்தக் கற்களை? இருபது அடியாட்களுக்கு நடுவில் ஒரு சோன்பப்டியைத் தள்ளிக் கதவைச் சாத்தியது மாதிரி சாத்தியிருக்கிறேன்.

இதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "கண்ணு, முட்டை மத்த கல்லையெல்லாம் அழகாக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன். "செத்துப்போச்சா?" என்றாள். "கரைஞ்சிடுச்சு." "நீ ஏன் பாக்கலை?" பதில் இல்லை. தாம்பாளத்தில் இருபது கல்லும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. செங்காவி நிறத்தில் ஒன்று, உள்ளே வரி வரியாக, என்ன அழகு தெரியுமா! ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. இல்லாத ஒன்றுக்குத்தான் வீடே துக்கம் கொண்டாடுகிறது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளாகவே வாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். காய்ந்து கட்டியான சேறு, கவிழ்த்தால் கேக் மாதிரி மொத்தமாக விழுந்தது. "முட்டை உள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை விரித்து, ஆணி அடிக்கிற சுத்தியலால் தட்ட ஆரம்பித்தாள். டொக். டொக். செல்போன் பக்கம் திரும்பவே இல்லை. நானும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ராத்திரி ஒன்பதரை வரை, புளியங்கொட்டை அளவு கல்லுக்காக, அப்பனும் மகளும் அகழாய்வு.

காலிங் பெல். கீழ்வீட்டு சார். "இன்னைக்குத்தான் மெஷின் ஓடலைன்னு நிம்மதியா டீவி போட்டேனுங்க. இப்ப என்னங்க, கல்லு உடைக்கறீங்களா?"

"ஆமாங்க சார்" என்றேன். சொன்னதும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி காலையிலிருந்து சேர்த்துவைத்த சிரிப்பையெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கொட்டினாள். அவரும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது. க்ர்ர்ர்ர்ர். நிறுத்தி, மறுபடி க்ர்ர்ர்ர்ர். மேல்வீட்டில் கட்டிலை இழுக்கிறார்கள். 33 நாளாக என் மெஷின் சத்தத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அந்த வீட்டில் கட்டிலை இழுப்பார்கள். மூன்று வருடமாக இழுக்கிறார்கள். இரண்டு ரூம் வீடு, கட்டிலை அப்படி எங்கேதான் கொண்டுபோகிறார்கள்? கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருகிற சத்தம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறதா?

கீழ்வீட்டு சாரும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். "உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்றார்.