இரவு நேர டாக்டர் சேவை மூடப்பட்டதா?

“இங்கிலாந்தில் இரவு நேர ஜிபி (குடும்ப டாக்டர்) சேவையை 111 என்ற மருத்துவ உதவித் தொலைபேசி எண்ணுடன் இணைத்து மூடிவிட்டார்கள், மாலை 6.30-க்குப் பிறகு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான் கதி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இணைத்தது உண்மை, மூடியது பொய்.

அரசு மருத்துவச் சேவையுடன் போட்ட 2004 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலான ஜிபிக்கள் இரவுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். வேலையை வேறு அமைப்புகள் ஏற்று நடத்துகின்றன. அதற்கு வழி 111: 24 மணி நேரமும் இலவசம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். முதலில் பேசுபவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற ஊழியர்; அடுக்கடுக்கான கேள்விகள் எரிச்சலூட்டும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் நர்ஸோ டாக்டரோ திரும்ப அழைப்பார். அல்லது அவசர சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். அந்த மையங்கள் தினமும் குறைந்தது 12 மணி நேரம் திறந்திருக்கும்.

நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் என்றால் 111 வேண்டாம், நேராக அவசர எண் 999.